கிண்ணம் கடைபவர்களுக்கு: முதலில் வளைவு, பிறகு மெருகு

கடைசல் எந்திரம் புதிதாக வாங்கியவர்கள் முதலில் கேட்பது பெரும்பாலும் மெருகைப் பற்றித்தான். எந்த எண்ணெய் பூசலாம், எத்தனையாம் நம்பர் உப்புத்தாள் வாங்கலாம் என்று கேட்பார்கள். அவர்கள் கடைந்த கிண்ணத்தைக் கையில் வாங்கிப் பார்த்தால் கோளாறு வேறு இடத்தில் இருக்கும். வயிற்றுப் பக்கத்தில் ஒரு தட்டை, அடியில் வேண்டாத கனம், எதிரெதிரே நார் சிலும்பிய இரண்டு திட்டுகள். இவற்றை எந்தப் பாலிஷும் மறைக்காது. பளபளப்பு ஏற ஏற இன்னும் எடுப்பாகத் தெரியும். அதனால் வளைவில் தொடங்கி, உளியின் கடைசி வெட்டைச் சரிசெய்து, அதற்குப் பிறகு உப்புத்தாளையும் எண்ணெயையும் தொடுவது என்ற வரிசையில்தான் இங்கே சொல்லப்போகிறேன். ஆறு முதல் எட்டு அங்குல வாய் உள்ள கிண்ணத்தை மனத்தில் வைத்துப் படியுங்கள்.

நம் பக்கத்தில் கடைசல் பழைய தொழில். அம்பாசமுத்திரத்துச் சொப்புச் சாமான் இல்லாமல் திருநெல்வேலிச் சீமையில் குழந்தைகள் வளர்ந்ததில்லை. ஆனால் சொப்புக் கடைவதும் கிண்ணம் கடைவதும் ஒன்றல்ல. சொப்பில் மரத்தின் நார் எந்திரத்தின் அச்சோடு நீளவாக்கில் ஓடுகிறது. உளி எந்தப் பக்கம் பட்டாலும் நார் ஒரே மாதிரிதான் நிற்கும். கிண்ணத்துக்குப் பலகைத் துண்டைக் குறுக்கே மாட்டுகிறோம். ஆகவே ஒவ்வொரு சுற்றிலும் உளி இரண்டு முறை நாருக்கு இசைவாகவும் இரண்டு முறை நார் நுனிக்கு எதிராகவும் போகிறது. அந்த இரண்டு இடங்களில்தான் மரம் சிலும்புகிறது. கிண்ணக் கடைசலின் தொல்லைகளில் பாதிக்கு இதுவே மூலம். இதைப் புரிந்துகொண்டால் கீழே வரும் பல யோசனைகளுக்குக் காரணம் தானே விளங்கும்.

மரம்

முதல் சில கிண்ணங்களுக்கு விலை கொடுத்துத் தேக்கு வாங்க வேண்டாம். விறகுக்கடையிலும் மரம் அறுக்கும் மில்லிலும் ஒதுக்கிப் போட்ட துண்டுகளே போதும். எனக்குப் பிடித்தது பூவரசு. நார் சீராக இருக்கும், உளிக்கு இணங்கும், வைரம் பாய்ந்த பகுதி நல்ல காப்பிக்கொட்டை நிறத்தில் மின்னும். ஹவாய்த் தீவுக்காரர்கள் பூவரசில்தான் உணவுக் கிண்ணங்கள் செய்துவந்தார்கள். அந்த மரம் சோற்றுக்கு வாடை ஏற்றுவதில்லை. அடுத்தது சாலையோரத்துத் தூங்குமூஞ்சி மரம். காயும்போது அதிகம் சுருங்காது, கோணாது. பச்சையாகக் கடைந்தாலும் பெரும்பாலும் பொறுத்துக்கொள்ளும். மாவும் பலாவும் நல்லவை. மா மரத்தை ஈரத்தோடு கிடத்திவிட்டால் நீலக்கறை ஏறிவிடும், அவ்வளவுதான்.

வேம்பும் புளியும் பின்னல் நார் உள்ளவை, கை பழகிய பிறகு எடுங்கள். வாகைத் தூள் மூக்கில் ஏறினால் தும்மல் நிற்காது. அரளி, எட்டி இரண்டையும் உணவுப் பாத்திரத்துக்குத் தொடவே கூடாது, இரண்டும் நஞ்சு. மலையடிவாரத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் விழுந்து கிடக்கும் மரமானாலும் அது காட்டுக்குரியது. பட்டா நிலத்தில் காற்றுக்குச் சாய்ந்த மரமே நமக்குப் போதும்.

உருட்டுக் கட்டை கிடைத்தால் நீளவாக்கில் நடுவே பிளந்து, நட்ட நடு மையம் உள்ள ஓர் அங்குலத்தை அறுத்து எறியுங்கள். அதை விட்டுவைத்தால் வெடிப்பு அங்கிருந்துதான் கிளம்பும். வெட்டுமுகங்களில் உருக்கிய மெழுகு தடவுங்கள்.

பச்சை மரத்தை ஒரே மூச்சில் கடைந்து முடிக்க வேண்டாம். முதலில் பருமனாகக் கடையுங்கள். சுவரின் கனம் வாய் அகலத்தில் பத்தில் ஒரு பங்கு இருக்கட்டும். எட்டு அங்குலக் கிண்ணத்துக்கு ஏறக்குறைய 20 மில்லிமீட்டர். அடியில் பென்சிலால் தேதியும் எடையும் எழுதி, அதன் சீவலையே சுற்றிலும் நிரப்பி அட்டைப் பெட்டியில் மூடி வையுங்கள். ஆனி, ஆடியில் வள்ளியூர், ராதாபுரம் பக்கம் வீசும் மேற்குக் காற்றில் பச்சைக் கிண்ணத்தைத் திறந்து வைத்தால் ஒரே நாளில் வெடித்துவிடும். தென்காசி, குற்றாலம் பக்கம் அதே மாதங்களில் சாரல். அங்கே பூஞ்சணம்தான் எதிரி, ஈரமான சீவலை எடுத்துவிட்டுக் காய்ந்ததை மாற்ற வேண்டும். வாரம் ஒருமுறை எடை போடுங்கள். எடை இறங்குவது நின்று சில வாரங்கள் ஆனதும் மரம் தயார். வட்டம் சற்று நீள்வட்டமாகியிருக்கும். அதற்காகத்தான் கனத்தை விட்டுவைத்தோம்.

எந்திரத்தை ஓட விடுவதற்கு முன்

முகம் முழுவதையும் மறைக்கும் கவசம் போடுங்கள். கண்ணாடி மட்டும் போதாது. தோளில் துண்டு, துப்பட்டா, தொங்கும் சட்டைக் கை, வளையல், கையுறை எதுவும் ஆகாது. தலைமுடியை முடிந்துகொள்ளுங்கள். வேட்டியோடு நிற்பவர்கள் மடித்துக் கட்டி மேலே ஏப்ரன் போடுவது நல்லது. மரம் சுழலும் தளத்துக்கு நேரே நிற்காமல் ஒதுங்கி நின்று சுவிட்சைப் போடுங்கள். வேகத்துக்கு ஓர் எளிய கணக்கு உண்டு. வாய் அகலத்தை அங்குலத்தில் எடுத்து, நிமிடச் சுற்றால் பெருக்கினால் 6,000 முதல் 9,000-க்குள் வர வேண்டும். எட்டு அங்குலத்துக்கு 750 முதல் 1,100 சுற்று. இது மரம் வட்டமான பிறகு. கோணல் மாணலான துண்டை அதைவிட மிகக் குறைவாக ஆரம்பித்து, எந்திரம் ஆடாத அளவுக்கு மட்டும் கூட்டுங்கள்.

வெளி வளைவு

உள்ளே குடைவதற்கு முன் வெளிப்புறம் முழுதாக முடிந்திருக்க வேண்டும். கிண்ணத்துக்கு நீங்கள் செலவழிக்கும் நேரத்தில் பாதியை இதற்கே கொடுங்கள் என்பேன். உட்புறம் வெளிப்புறத்தைப் பின்பற்றித்தான் போகும். வெளியே கெட்டது உள்ளே சரியாகாது.

புதியவர்கள் கடையும் கிண்ணங்களில் ஒரே குறை திரும்பத் திரும்ப வருகிறது. சுவர் செங்குத்தாக இறங்கி, அடிக்கு அருகே சட்டென்று திரும்பி, அகலமான அடியில் உட்காரும். மரத்தை வீணாக்கக் கூடாது என்ற எண்ணத்தில்தான் இப்படி ஆகிறது. பெரிய அடி கிண்ணத்தைக் கனமாகவும் சோம்பலாகவும் காட்டும். அடியின் அகலம் வாயின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு என்று வைத்துத் தொடங்குங்கள். கட்டாய விதி இல்லை. ஆனால் தொடக்கத்துக்கு அதைவிடத் தோதான அளவு இல்லை. எட்டு அங்குல வாய்க்கு இரண்டரை, இரண்டே முக்கால் அங்குல அடி.

வளைவை மனத்தில் வைத்துக்கொண்டு கடைவது எளிதில்லை, கண்ணால் பார்த்தபடி கடையுங்கள். சுவரில் காகிதம் ஒட்டி, மெல்லிய சங்கிலி ஒன்றின் இரு முனைகளையும் கிண்ணத்தின் வாய் அகலத்துக்குப் பிடித்துத் தொங்க விடுங்கள். சங்கிலி தானாக எடுக்கும் வளைவைப் பென்சிலால் வரையுங்கள். முனைகளை நெருக்கினால் ஆழமான கிண்ணம், விலக்கினால் அகலமான கிண்ணம். எப்படிப் பிடித்தாலும் அந்த வளைவில் எங்கும் தட்டை இராது, முறிவு இராது. பிடித்ததை அட்டையில் வெட்டி எந்திரத்துக்குப் பக்கத்தில் மாட்டிவையுங்கள்.

வீட்டில் பழைய வெண்கலக் கும்பா இருந்தால் அதை எடுத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். பழையதும் கூழும் குடித்த அந்தக் கும்பாவின் அடி எவ்வளவு சிறியது, வயிறு எங்கே அகல்கிறது, வாய் எப்படி மெல்ல வெளியே சாய்கிறது என்று விரலால் தொடர்ந்து பார்த்தால் வடிவப் பாடம் முக்கால்வாசி முடிந்துவிடும். சேரன்மகாதேவிப் பக்கம் போகிறவர்கள் காருகுறிச்சியில் இறங்கி மண்பாண்டங்களைப் பாருங்கள். பெருவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து இழுத்த சுவர் அது. எங்கே நிறுத்துவது என்பது அந்தக் கைகளுக்குத் தெரியும். மரத்தில் நமக்கு அந்த வசதி இல்லை. எடுத்த மரத்தைத் திரும்ப வைக்க முடியாது.

சரி, வேலைக்கு வருவோம். அடிப்பக்கத்தைச் சக்கின் (எந்திரத்தில் மரத்தைக் கவ்விப் பிடிக்கும் பிடிப்பான்) நான்கு தாடைகள் கவ்வுவதற்கு ஒரு முளை விட வேண்டும். ஆறேழு மில்லிமீட்டர் உயரம் போதும். முளையின் தோள் தாடைகளின் மேல்முகத்தில் படிய வேண்டும். முளையின் நுனி சக்கின் குழித் தளத்தைத் தொடக் கூடாது. தொட்டால் கிண்ணம் ஆடும். தோளுக்கும் முளைக்கும் இடையிலான மூலையைச் சுத்தமாக வெட்டுங்கள்.

வெளிப்புறத்தை வெட்டும்போது உளி அடியிலிருந்து வாயை நோக்கிப் போக வேண்டும், அதாவது சிறிய சுற்றிலிருந்து பெரிய சுற்றுக்கு. அப்படிப் போனால் வெட்டுப்படும் நாரைப் பின்னால் இருக்கும் நார் தாங்கிப் பிடிக்கும். எதிர்த்திசையில் போனால் தாங்க ஆளின்றி நார் பிய்ந்து எழும். உளியின் சாய்முகம், அதாவது வெட்டும் வாய்க்குப் பின்னால் சாணை பிடித்த சரிவு, மரத்தில் உரசிக்கொண்டிருக்க, வெட்டும் வாய் அதற்குச் சற்று முன்னே போகட்டும். கையால் தள்ளாதீர்கள். கைப்பிடியை இடுப்போடு அணைத்து, கால் மாற்றி, உடம்பு முழுவதும் நகர்ந்தால்தான் வளைவு ஒரே ஓட்டமாக வரும். மணிக்கட்டு மட்டும் அசைந்தால் வளைவில் முழங்கால் முழங்காலாக முட்டுகள் விழும்.

வடிவம் வந்துவிட்டது என்று தோன்றியதும் எந்திரத்தை நிறுத்துங்கள். கண்ணை மூடிக்கொண்டு நடு மூன்று விரல்களை அடியில் வைத்து, மெதுவாக வாய்வரை இழுத்துச் செல்லுங்கள். விரல் ஓர் இடத்தில் சறுக்கும், ஓர் இடத்தில் தயங்கும். தயங்கும் இடத்தில் மேடு, சறுக்கும் இடத்தில் தட்டை. அங்கே பென்சிலால் கோடு போடுங்கள். இன்னும் ஐயம் இருந்தால் பச்சைத் தென்னை ஈர்க்கை எடுத்து, அதன் நடுப்பகுதியைச் சுவரோடு வளைத்து அணைத்துப் பாருங்கள். ஈர்க்குக்கும் மரத்துக்கும் இடையே வெளிச்சம் தெரியும் இடம் குழி. தட்டை இருக்கும் இடத்தை மட்டும் சுரண்டிச் சரிசெய்ய முடியாது. அதன் இரு பக்கத்து மேடுகளையும் எடுத்து முழு ஓட்டத்தையும் மறுபடி வெட்ட வேண்டும். அலுப்பாகத்தான் இருக்கும். ஆனால் நல்ல கிண்ணத்தையும் சுமாரான கிண்ணத்தையும் பிரிப்பது இந்த ஒரு வேலைதான்.

உட்புறம்

ஆழத்தை முதலில் தீர்மானியுங்கள். துளைக்கும் பிட்டில் டேப் ஒட்டி அளவு வைத்து நடுவில் ஒரு துளை போடுங்கள். அந்தத் துளை மறையும் இடத்தில் நிறுத்தினால் அடி ஓட்டையாகாது. உள்ளே வாயிலிருந்து நடுவை நோக்கி வெட்ட வேண்டும். வெளிப்புறத்துக்கு நேர் எதிர்.

சுவரை அங்குலம் அங்குலமாக முடித்துக்கொண்டு இறங்குங்கள். வாய்ப் பக்கத்து ஓர் அங்குலத்தைக் கடைசிக் கனத்துக்குக் கொண்டுவந்த பிறகே அடுத்த அங்குலம். நடுவில் மரம் நிறைந்திருக்கும்வரை சுவர் அதிராது. முழுவதையும் குடைந்துவிட்டு மறுபடி வாய்க்கு வந்தால் மெல்லிய சுவர் படபடக்கும், உளி கவ்வும். இப்படி உடைந்த கிண்ணங்கள் எத்தனையோ. காலிப்பரை வைத்து, எந்திரம் நின்ற நிலையில் கனத்தை அடிக்கடி பாருங்கள். தொடக்கக்காரர்களுக்கு ஆறேழு மில்லிமீட்டர் சுவர் நல்லது. மெல்லியதாக்குவதைவிடச் சீராக்குவது முக்கியம்.

சுவர் அடியோடு சேரும் திருப்பத்தில்தான் கனம் ஒளிந்துகொள்ளும். அங்கே உளியின் குதிகால் (சாய்முகத்தின் பின் ஓரம்) இடித்து மரத்தில் வரிவரியாகத் தழும்பு விழும். சாணையில் அந்தக் குதிகாலைச் சற்றுத் தேய்த்து எடுத்துவிட்டால் தழும்பு நிற்கும். அடிப்பகுதிக்கு வட்ட முனைச் சுரண்டுளி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு யோசனை சொல்கிறேன், மனம் ஒப்பாது, ஆனாலும் செய்யுங்கள். தொடக்கத்தில் கடைந்த கிண்ணங்களில் ஒன்றை வாளால் சரிபாதியாக அறுத்து வெட்டுமுகத்தைப் பாருங்கள். கனம் எங்கே கூடியது, வெளி வளைவும் உள் வளைவும் எங்கே பிரிந்தன என்பது மறைக்க வழியில்லாமல் தெரியும். காலிப்பர் பத்து முறை சொல்லித் தராததை அந்த ஒரு வெட்டு சொல்லித் தரும்.

வாய் விளிம்பைத் தட்டையாக விட்டுவிடாதீர்கள். உட்பக்கம் சற்றுச் சாய்வாக வெட்டி, இரு ஓரங்களின் கூர்மையையும் மழுக்குங்கள். கஞ்சி குடிக்கும் கிண்ணமானால் உதடு படும் இடம் அது.

கடைசி வெட்டு

மெருகு இங்கேதான் பிறக்கிறது. உள்ளும் புறமும் கடைசி வெட்டுக்கு முன் உளியைக் கட்டாயம் சாணை பிடியுங்கள். பரவாயில்லை, இன்னும் வெட்டுகிறதே என்று விட வேண்டாம். சிலும்பும் இரண்டு திட்டுகளில் கொஞ்சம் தண்ணீரோ நீர்த்த அரக்குக் கரைசலோ தடவுங்கள். படுத்த நார் நிமிர்ந்து விறைக்கும், உளி அதைச் சுத்தமாக அறுக்கும். அரை மில்லிமீட்டருக்கு மேல் எடுக்காமல், வேகத்தைச் சற்றுக் கூட்டி, கையை மெதுவாக நகர்த்துங்கள். சீவல் பொடியாக உதிர்ந்தால் உளி மழுங்கிவிட்டது என்று பொருள். நீண்ட மெல்லிய சுருளாக வந்தால் சரி. வெளிப்புறத்தில் இன்னும் சிலும்பல் இருந்தால், உளியின் வாயை நாற்பத்தைந்து பாகை சாய்த்துப் பிடித்து, சாய்முகம் உரசாமல் லேசாகச் சுரண்டுங்கள். பஞ்சு போன்ற சீவல் வரும், அடியில் பரப்பு கண்ணாடியாகும்.

பிறகு எந்திரத்தை நிறுத்தி, மேல் விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடித்துப் பாருங்கள். நேர் வெளிச்சத்தில் தெரியாத சிலும்பல் அத்தனையும் நிழலோடு எழுந்து நிற்கும். தெரிந்தால் திரும்பவும் சாணை, திரும்பவும் வெட்டு. உப்புத்தாளிடம் அந்த வேலையை ஒப்படைக்காதீர்கள். திட்டை மட்டும் தேய்த்தால் அங்கே பள்ளம் விழுந்து கிண்ணம் வட்டம் தப்பும்.

உப்புத்தாள்

வெட்டு நன்றாக இருந்தால் 150-இல் தொடங்கலாம். இல்லையென்றால் 120. பிறகு 180, 240, 320. சாப்பாட்டுக் கிண்ணத்துக்கு அதற்கு மேல் தேவையில்லை. அலங்காரக் கிண்ணமானால் 400. எந்த நம்பரையும் தாண்டிக் குதிக்காதீர்கள். முந்திய தாளின் கீறலை அடுத்த தாள் எடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. ஒவ்வொரு நம்பர் முடிந்ததும் தூளை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, எந்திரத்தை நிறுத்தி, நார் ஓட்டத்தோடு கையால் சில இழுப்பு இழுங்கள். வட்டக் கீறல் இப்படித்தான் மறையும்.

வேகத்தைப் பாதியாக்கிக்கொள்ளுங்கள். தாள் விரலைச் சுட்டால் மரமும் சுடுகிறது. சூடேறிய அடியில் மயிரிழை வெடிப்பு விழும். தாளை விரலில் சுற்றாமல் மடித்துப் பிடியுங்கள். தூளுக்கு நல்ல முகமூடி தேவை.

முளையை எடுப்பது கடைசி. கிண்ணத்தைத் திருப்பி, உட்புறத்தில் துணி வைத்த மரத்துண்டு ஒன்று தாங்க, வால்பக்க முனையால் (எந்திரத்தில் சக்குக்கு எதிர்ப்பக்கம் உள்ள கூர்முனை) அழுத்திப் பிடித்து முளையைக் கடைந்து எடுங்கள். அடியை நடுவில் மிக லேசாகக் குழித்துவிடுங்கள். தரையில் ஆடாமல் உட்காரும். மிஞ்சும் சிறு காம்பை உளியால் அறுத்துத் தாளால் தேய்த்துவிடலாம்.

எண்ணெயும் அரக்கும்

வீட்டில் இருக்கும் எண்ணெயைத் தடவலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். தேங்காய் எண்ணெய் மரத்தில் உலர்ந்து இறுகாது; கழுவக் கழுவப் போய்விடும். நல்லெண்ணெய் பிசுபிசுத்துச் சிக்கு வாடை அடிக்கும். உலர்ந்து இறுகும் எண்ணெய் வேண்டும். செக்கில் ஆட்டிய ஆளி விதை எண்ணெய் நல்லது. பெயின்ட் கடையில் பாயில்டு லின்சீட் என்று விற்பதில் சீக்கிரம் உலர்வதற்கு உலோக உப்புகள் சேர்த்திருப்பார்கள். அது உணவுக் கிண்ணத்துக்கு வேண்டாம்.

மெல்லியதாகத் தடவி இருபது நிமிடம் ஊறவிட்டு, மிச்சத்தை ஒரு சொட்டு விடாமல் துடைத்தெடுங்கள். இதில்தான் பலர் சறுக்குகிறார்கள்: தடித்துப் பூசினால் மேலே தோல் கட்டி, கீழே மாதக்கணக்கில் பிசின் போல ஒட்டும். அடுத்த பூச்சுக்குச் சில நாள் இடைவெளி. ஐப்பசி, கார்த்திகை மழையில் இன்னும் கூடுதலாக. மூன்று நான்கு பூச்சு போதும். ஆளி விதை எண்ணெய் நனைந்த துணியைக் கசக்கி மூலையில் போடாதீர்கள். உலரும்போது அது தானே சூடேறித் தீப்பற்றக் கூடியது. விரித்துக் காயப் போடுங்கள், அல்லது தண்ணீரில் முக்கி வையுங்கள்.

மேலே மெழுகு பூச விரும்பினால், ஒரு பங்கு தேன்மெழுகை நான்கு பங்கு எண்ணெயில் போட்டு, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வேறொரு பாத்திரம் வைத்து உருக்குங்கள். நேரடித் தீயில் வேண்டாம்.

பழம், பூ வைக்கும் கிண்ணமானால் அவலரக்கு (மெல்லிய செதிலாகக் கிடைக்கும் அரக்கு) அழகு. ஒரு லிட்டர் ஸ்பிரிட்டில் 120 முதல் 240 கிராம் அவலரக்கு ஊறவைத்து வடிகட்டி, பஞ்சு வைத்த துணிப் பொட்டலத்தால் மெல்லிய பூச்சாக ஏற்றுங்கள். சன்னல் திறந்திருக்கட்டும், அடுப்பு பக்கத்தில் இருக்கக் கூடாது. அரக்கு வெந்நீருக்கும் சூடான குழம்புக்கும் தாங்காது. சுழலும் மரத்தில் அரக்குக் குச்சியை அழுத்தி, உராய்வுச் சூட்டில் உருக்கிப் பூசும் முறை சொப்புச் சாமானுக்கு மிகப் பொருத்தம். கிண்ணத்தின் நார் நுனிகள் சீராக அரக்கு வாங்குவதில்லை என்பதால் புதியவர்களுக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

எண்ணெய் பூசிய கிண்ணத்தை முழுதாக இறுகும்வரை சில வாரங்கள் காற்றாட வைத்துவிட்டுத்தான் சோற்றுக்கு எடுக்க வேண்டும். பயன்படுத்திய பின் தண்ணீரில் ஊறப் போடாமல் உடனே கழுவித் துடைத்து நிழலில் வையுங்கள். ஃபிரிட்ஜும் மைக்ரோவேவும் மரத்துக்கு ஆகாது. யாருக்காவது கொடுத்தால் இவற்றையும் சொல்லிக் கொடுங்கள். நிறம் வெளுத்து வறண்டு தெரியும்போது ஒரு பூச்சு எண்ணெய் தடவித் துடைத்தால் போதும்.